3×4 புள்ளின்னா ஒரே கோடு, 3×3ன்னா மூணு கோடு! சிக்குக் கோலத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு

மார்கழி வந்தால் கள்ளக்குறிச்சி தெருக்களில் விடியறதுக்கு முன்னாடியே கோலமாவு டப்பா வாசலுக்கு வந்துவிடும். அதே நேரத்தில், கள்ளக்குறிச்சி டவுனோ கல்வராயன் மலை வெள்ளிமலையோ, பிள்ளைகளின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கம் முழுக்கக் கிறுக்கலாகத்தான் இருக்கும். வாசலில் போட்டால் பாராட்டு, நோட்டில் போட்டால் திட்டு. ஆனால் இரண்டிலும் கணக்கு இருக்கிறது.

ஒரு சின்ன சோதனை. நேர்ப்புள்ளியாக 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கோடுகள் சாய்வாக வெட்டிக்கொள்ள வேண்டும், ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்ப வேண்டும். இதுதான் விதி. கையை எடுக்காமல் இழுத்தால், 12 புள்ளியையும் சுற்றிவிட்டு ஆரம்பிச்ச இடத்துக்கே கோடு வந்து சேரும். இப்போது 3-க்கு 3 புள்ளி வைத்துப் பாருங்கள். கோடு பாதியிலேயே மூடிக்கொள்ளும். மொத்தம் மூன்று தனித்தனிக் கோடு தேவைப்படும்.

ஏன் இப்படி?

கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் சுவரில் பட்டு சாய்வாகத் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். கோலத்தின் கோடும் அப்படித்தான் ஓடுகிறது. இடவலமாக ஒரு கணக்கு, மேல்கீழாக ஒரு கணக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் முடிந்தால்தான் கோடு மூடும். 4-ம் 6-ம் சேர்ந்து முடிவது 12-ல். அதாவது மீச்சிறு பொது மடங்கு. மொத்தப் புள்ளி 24. அதை 12-ஆல் வகுத்தால் 2. ஆக, 4-க்கு 6 கோலத்துக்கு இரண்டு கோடு. இது 4, 6 இரண்டின் மீப்பெரு பொதுக் காரணியேதான்! ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே போடுகிற அதே மீ.பொ.கா.

இதை ஆராய்ச்சியாளர்களும் விட்டுவைக்கவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பது மாதிரி கோலத்துக்கும் இலக்கணம் எழுத முடியும், சின்ன விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டாலே பெரிய கோலம் வளரும் என்று கம்ப்யூட்டர் உலகத்துக்குக் காட்டிய கட்டுரை அது. அம்மாக்கள் அதுக்கு 'விதி' என்று பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டிலும் ஒரு பிரபலமான கிறுக்கல் உண்டு. 1963-ல் போரடித்த ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருந்த கணித மேதை ஸ்டானிஸ்லாவ் உலாம், 1, 2, 3 என எண்களைச் சுருளாக எழுதி, பகா எண்களை மட்டும் குறித்துக்கொண்டே போனார். அவை சாய்வுக் கோடுகளில் போய் வரிசை கட்டின! ஏன் அப்படி என்பதற்கு இன்றுவரை முழு நிரூபணம் கிடையாது.

அப்போ கிறுக்கினாலே கணக்கு வந்துவிடுமா? வராது. 2009-ல் பிரிட்டனில் 40 பேரிடம் நடந்த ஆய்வில், சலிப்பான போன் பேச்சைக் கேட்டுக்கொண்டே கட்டங்களை நிரப்பியவர்கள் மற்றவர்களைவிட 29% அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். அது ஞாபகசக்தி பற்றியது, கணக்கு பற்றியது இல்லை. சமூக வலைதளங்களில் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். 'இது ஏன் இங்கே மூடுது?' என்று கேட்கும்போதுதான் கிறுக்கல் கணக்காக மாறுகிறது. கணக்கென்றால் பயம் என்று சொல்கிற பெண்பிள்ளை அந்தக் கேள்வியை வாசலில் எத்தனையோ தடவை கேட்டிருப்பாள். அதுக்கு யாரும் மார்க் போடுவதில்லை.

சரி, 3-க்கு 3 கோலத்தை ஒரே கோட்டில் முடிக்கவே முடியாதா? விதியைக் கொஞ்சம் தளர்த்தினால் முடியும். இரண்டு வெவ்வேறு கோடுகள் வெட்டுகிற இடத்தில், வெட்டவிடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பினால் அவை ஒன்றாகிவிடும். அடுத்து, மூன்றாவது கோடு இதை வெட்டுகிற இடத்திலும் அப்படியே செய்ய வேண்டும். எந்த இரண்டு இடம் என்று கண்டுபிடிக்க, நோட்டின் கடைசிப் பக்கம் போதும்.