கைவேலைக் காலம் – 14: பொடி உருகும் நேரம்

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் மணமக்கள் பெயரின் மேல் விரலை ஓட்டிப் பார்ப்போமே, அந்தப் பொன்னிற மேட்டிலிருந்து இந்த வாரத்தைத் தொடங்கலாம். காயாத மையின் மேல் பிசின் பொடியைத் தூவி, ஒட்டாததை உறிஞ்சி எடுத்துவிட்டுத் தாளைச் சூட்டுக்குள் ஓடவிடுவார்கள். பொடி உருகி, ஆறி, மேடு கட்டிவிடும். அச்சகத்தில் இதற்கு தெர்மோகிராபி என்று பெயர். கைவினைக் கடையில் சின்ன டப்பியில் எம்பாசிங் பவுடர் என்று விற்பதும் இதே வகைப் பொடிதான். ஆறியது மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும். மேடெழுத்துத் தாளை லேசர் பிரின்டரில் விடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

வண்ணப் பிசினைச் சூட்டால் உருக்கிப் பூசுவது நமக்குப் புதிதல்ல. அம்பாசமுத்திரம் மரச்செப்புச் சாமான்களை நினைத்துப் பாருங்கள். கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டிலேயே அரக்கு இளகி நிறமும் பளபளப்பும் ஏறிவிடும். அங்கே அரக்கு, இங்கே செயற்கைப் பிசின், வேலை ஒன்றுதான்.

கடையில் பாடம் சொல்பவர்கள் பெரும்பாலும் வாழ்த்து அட்டையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை. இந்தப் பொடிக்கு ஏற்ற இடம் சூடு தாங்கும் பொருள்தான்: சுடுமண், இரும்பு, பித்தளை. நம் பக்கத்தில் சுடுமண்ணுக்கா பஞ்சம்? பண்ருட்டி மண் பொம்மைக்குப் பேர் போனது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. சேத்தியாத்தோப்பில் வீட்டிலிருந்தபடி ஜிமிக்கி செய்ய நினைக்கும் பெண்கள், அக்ரிலிக் பெயின்ட்டோடு நின்றுவிட வேண்டியதில்லை.

சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சும். நேரே பொடியை உருக்கினால் முதல் பூச்சு உள்ளே இறங்கி மங்கிப்போகும். ஆகவே முதலில் அக்ரிலிக் பூசி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு தாமதமாகக் காயும் பிக்மென்ட் மையை, மேடாகத் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். பொடியைத் தூவி, கவிழ்த்துத் தட்டுங்கள். கீழே விரித்த காகிதத்தில் விழுந்தது அப்படியே டப்பிக்குத் திரும்பும். வேண்டாத இடத்தில் ஒட்டிய துகளை உலர்ந்த தூரிகையால் துடைத்துவிட வேண்டும். உருகிய பின் அது போகாது.

இனி ஹீட் கன். ஹேர் டிரையர் உதவாது: சூடு பற்றாது, காற்று பொடியை அடித்துக்கொண்டு போய்விடும். கொஞ்ச தூரத்தில் பிடித்து, மெல்ல அருகே கொண்டு வாருங்கள். முதலில் மணல் போலச் சொரசொரப்பாகக் கிடக்கும். ஓரத்தில் ஓரிடம் ஈரமானது போலத் தெரியும். அந்தப் பளபளப்பு அப்படியே பரவிக்கொண்டு போகும். முழுக்கப் பரவிய கணமே சூட்டை விலக்கிவிட வேண்டும். ஆசைப்பட்டு நீட்டினால் குமிழி கிளம்பும். ஜிமிக்கிக் குடையின் சரிவில் வழிந்து அடியில் திரளும்.

இரும்புக்கடையில் கிடைக்கும் வாஷர் இதைவிட எளிது. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, குறட்டில் பிடித்துக்கொண்டு சூடேற்றுங்கள். சூடாக இருக்கும்போதே இன்னொரு தடவை தூவி உருக்கலாம். மூன்று நான்கு அடுக்கானால் மீனா எனும் எனாமல் வேலையின் சாயல் வந்துவிடும். கடைசி அடுக்கு இளகியிருக்கையில் மை தடவிய ரப்பர் ஸ்டாம்ப்பை அழுத்தி, ஆறிய பின் எடுத்தால் கோலமோ மாங்காய் உருவோ பள்ளமாகப் பதிந்திருக்கும். மை தடவாத ஸ்டாம்ப் பிசினோடு ஒட்டிக்கொள்ளும்.

வீராணம் ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். காற்றின் ஈரத்தில் சுடுமண்ணும் அட்டையும் ஊறியிருக்கும். சூடு பட்டதும் அந்த ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளிக்க வைக்கும். வெயில் கண்ட நேரத்தில் உலர்த்தி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நைலான் துணி உடுத்த வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

விற்பவர்கள் வாங்குபவரிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: தரையில் விழுந்தால் பூச்சின் ஓரம் சில்லு பெயரும். தொங்கலின் விளிம்பு வரை பொடியைக் கொண்டுபோகாமல் ஒரு நூலளவு விட்டுவிடுங்கள். கொக்கித் துளைக்குள்ளும் பிசின் இறங்க விடாதீர்கள். சூடேற்றும்போது ஒரு கம்பியைச் செருகி வைத்திருந்து, இளகல் அடங்குமுன் உருவிவிடுங்கள்.