மாவு வெடித்த கதை

டப்பாவில் இருக்கும் மைதாவுக்குள் எரிகிற தீக்குச்சியைச் செருகினால் குச்சிதான் அணையும். மாவு கொஞ்சம் கருகும், அவ்வளவுதான். இத்தனை சாதுவான மாவுதான் 1878 மே 2 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஏழு மாடிக் கல் கட்டடம் ஒன்றைத் தரைமட்டமாக்கியது.

மிசிசிப்பி ஆற்றின் நீர்விசையில் ஓடிய வாஷ்பர்ன் 'ஏ' மாவு ஆலை அது. பகல் ஷிப்ட் ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். உள்ளே இருந்த 14 பேரில் ஒருவரும் தப்பவில்லை. அக்கம்பக்கத்து ஆலைகளும் தீக்கிரையாகி, அங்கே 4 பேர் இறந்தார்கள். இடையில் தானியம் இல்லாமல் சுழன்ற இரண்டு அரைகற்கள் உரசித் தெறித்த பொறி, காற்றில் மிதந்த மாவுத்தூசியைப் பற்றவைத்தது என்பது விசாரணையின் முடிவு.

குவிந்து கிடக்கும் மாவில் மேல்பரப்புக்கு மட்டும்தான் காற்று படும். தூசியாகப் பறக்கும்போதோ ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்திருக்கும். ஒன்று பற்றினால் அந்தச் சூட்டில் அடுத்தது பற்றும். கண் இமைப்பதற்குள் எல்லாமே எரிந்து, சூடான வாயு விரிய இடம் தேடும். திறந்தவெளி என்றால் 'குப்'பென்ற பிழம்போடு போய்விடும். நான்கு சுவருக்குள் என்றால் சுவர்தான் வழிவிட வேண்டும்.

இது அதற்கு முன் தெரியாத சங்கதியும் அல்ல. 1785இல் இத்தாலியின் டூரின் நகர ரொட்டிக்கடை ஒன்றில், விளக்கு வெளிச்சத்தில் மாவு அள்ளிக்கொண்டிருந்த பையனின் முகமும் கைகளும் இப்படித்தான் வெந்தன. மொரோட்சோ பிரபு அதை விவரமாக எழுதியும் வைத்தார்.

வாஷ்பர்ன் ஆலையை மீண்டும் கட்டியபோது தூசியை உறிஞ்சும் கருவிகள் வந்தன. அரைகற்களின் இடத்தை எஃகு உருளைகள் பிடித்தன. ஆனால் சர்க்கரையும் மாவைப் போலத்தான் என்பது பலருக்கு உறைக்கவில்லை. 2008 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் போர்ட் வென்ட்வொர்த் சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். சர்க்கரை கொண்டுசெல்லும் பெல்ட்டைச் சுத்தம் கருதி எஃகுத் தகடுகளால் மூடியிருந்தார்கள்; தூசி உள்ளேயே சேர்ந்தது. அங்கே நடந்த முதல் வெடிப்பு, தரையிலும் உத்தரங்களிலும் படிந்திருந்த பழைய தூசியை உலுக்கிக் கிளப்பியது. கட்டடத்தை அழித்தவை அதன்பின் அடுத்தடுத்து நடந்த வெடிப்புகள்தான்.

ஆகவே, இத்தகைய ஆலைகளில் தூசியைக் காற்றடித்து ஊதித் தள்ளுவது ஆபத்து. பொறி கிளப்பாத உறிஞ்சு கருவியால் எடுக்க வேண்டும், உத்தரத்தின் மேல்பக்கம் உட்பட.