மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் பின்னணி இசை

சேலம் நகரிலிருந்து கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாக ஏற்காடு மலையடிவாரத்துக்குச் செல்லும் சாலையோரம் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் உருவான படங்களின் பாடல்கள் இன்றும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கின்றன. அதே படங்களில் காட்சிகளுக்கு அடியில் ஓடிய பின்னணி இசை தனியாகக் கேட்கக் கிடைப்பதில்லை. தமிழ்த் திரையிசை பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி பாடல்களைப் பற்றியதே. ராகம் எது, பாடியவர் யார், மெட்டு எங்கிருந்து வந்தது என்பவை விரிவாகப் பேசப்பட்டுள்ளன. பாடல் முடிந்தபின் அதே வாத்தியக் கலைஞர்கள் என்ன வாசித்தார்கள் என்பது அரிதாகவே கவனிக்கப்பட்டது.

நிறுவனமும் இசையமைப்பாளர்களும்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்ற டி.ஆர். சுந்தரம் 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். முதல் படம் சதி அகல்யா 1937-ல் வெளிவந்தது. முதல் மலையாளப் பேசும் படமான பாலன் (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) ஆகியவையும் இந்த நிறுவனம் தயாரித்தவையே. மொத்தத்தில் நூறு படங்களுக்கு மேல். நடிகர், எழுத்தாளர், ஒலிப்பதிவாளர், இசையமைப்பாளர் என எல்லோரையும் ஒரே வளாகத்தில் வைத்து, ஆலையைப்போல நேரம் தவறாமல் வேலை வாங்கியவர் சுந்தரம்.

மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களோடு நெருங்கிய தொடர்புடைய இசையமைப்பாளர்கள் இருவர். திருச்சியை அடுத்த பிச்சாண்டார்கோவிலைச் சேர்ந்த ஜி. ராமநாதன் கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசித்துப் பழகிச் சினிமாவுக்கு வந்தவர். ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி (1947), மந்திரிகுமாரி (1950) ஆகியவை அவர் இசையமைத்தவை. சுசர்ல தட்சிணாமூர்த்தி ஆந்திரத்திலிருந்து வந்த வயலின் கலைஞர். சர்வாதிகாரி (1951), வளையாபதி (1952), அலிபாபாவும் 40 திருடர்களும் ஆகியவற்றுக்கு இசையமைத்தார்.

ஒருவர் ஆர்மோனியக்காரர், மற்றவர் வயலின்காரர். பின்னணி இசையைக் கவனிப்பவர் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பாட்டோடு சேர்ந்து போவதில் பழகியது ஆர்மோனியம். சொல்லே இல்லாமல் நெடுநேரம் பேசவேண்டிய பொறுப்பு கச்சேரி வயலினுக்குத்தான் அதிகம்.

ஹாலிவுட் படத்துக்குச் சேலத்து இசை

1952-ல் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்காவின் லிப்பர்ட் பிக்சர்ஸ் நிறுவனத்தோடு இணைந்து ‘தி ஜங்கிள்’ என்ற படத்தைத் தயாரித்தது. இயக்குநர் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமெரோ, மேரி வின்ட்சர் ஆகிய ஹாலிவுட் நடிகர்கள் இந்தியாவுக்கு வந்து நடித்தனர். தமிழில் பல படங்களை இயக்கி 1950-ல் அமெரிக்கா திரும்பியிருந்த எல்லிஸ் ஆர். டங்கன் இம்முயற்சிக்குப் பாலமாக இருந்தார். காட்டில் மந்தைகளை மிரளவைக்கும் பழங்கால மயிர் யானைகளைத் தேடிச் செல்வது கதை. யானைகளுக்குச் சடைமயிர் போர்த்தி மாமூத் ஆக்கினார்கள். தமிழில் இது ‘காடு’ என்ற பெயரில் வந்தது.

படத்தின் இசையமைப்பாளர்களாக ஜி. ராமநாதன், தட்சிணாமூர்த்தி ஆகியோரின் பெயர்கள் உள்ளன. மாக்ஸ் ஸ்டைனர், எரிக் வோல்ஃப்காங் கோர்ன்கோல்ட் போன்ற ஐரோப்பியர்கள் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதிய இசையால் அறியப்பட்ட ஹாலிவுட்டின் அந்தக் காலத்தில், ஒரு அமெரிக்கப் படத்துக்கு இசை கொடுத்தவர்கள் சேலத்தில் வேலைபார்த்த இருவர் என்பது வியப்புக்குரியது. படம் மலிவுத் தயாரிப்புதான், கதையும் பலவீனமானது. ஆனால் பாடல்களை நம்பியே படம் எடுத்த ஒரு தொழிலின் இசையமைப்பாளர்கள், பாட்டை நம்பாத ஒரு படத்துக்கு வேலை செய்ய நேர்ந்த சந்தர்ப்பம் இது. அந்தக் காரணத்துக்காகவே கேட்கவேண்டிய படம்.

ஏன் தொலைந்தது

இசைத்தட்டு நிறுவனங்களுக்கு வேண்டியது பாடல். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே இடம் உண்டு. அதில் பாட்டையே சுருக்கிப் பதிந்தார்கள். பின்னணி இசைக்கு அங்கே இடமில்லை. திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களிலும் பாடல் வரிகளும் கதைச் சுருக்கமுமே இருந்தன.

ஆகவே பின்னணி இசை தங்கிய இடம் படச்சுருள் ஒன்றே. படத்தின் விளிம்பில் ஒளிவரியாகப் பதிந்த ஒலித்தடத்தில் வசனம், ஆரவாரம், இசை மூன்றும் கலந்துவிட்டன. உயர்ந்த ஸ்தாயி ஒலிகள் அதில் மழுங்கியே பதிந்தன. இன்னொரு சிக்கலும் உண்டு. 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு காட்சிக்குரிய ஒலி அந்தக் காட்சிச் சட்டத்துக்குப் பக்கத்தில் இராது, ஏறத்தாழ 20 சட்டங்கள் முன்னால் இருக்கும். வினாடிக்கு 24 சட்டங்கள் என்ற கணக்கில் இது முக்கால் வினாடிக்குச் சற்று அதிகம். டூரிங் டாக்கீஸில் சுருள் அறுந்து, ஆபரேட்டர் நாலு சட்டத்தை வெட்டி ஒட்டினால், படத்தில் ஒரு இடமும் இசையில் வேறொரு இடமும் போயிற்று. ஊர் ஊராகப் போய்வந்த பிரதியில் இப்படி எத்தனையோ தையல்கள்.

1950களின் தொடக்கம்வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றுவது, தானாகவும் சிதைவது. பழைய சுருள்களை வெள்ளிக்காக உருக்கியும் விற்றார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்தது 1964-ல்தான். அதற்குள் 1930களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டிருந்தன.

ஹாலிவுட்டிலும் நிலைமை ஒழுங்காக இல்லை. எம்ஜிஎம் நிறுவனம் 1960களின் இறுதியில் தன் வாத்தியக் குழு இசைப் பிரதிகளை இடமில்லை என்று குப்பைப் பள்ளத்தில் கொட்டியது. பின்னர் ஜான் வில்சன் என்ற ஆங்கிலேய நடத்துநர் பட ஒலித்தடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவற்றை மறுபடி எழுதினார். 2009-ல் லண்டன் பிராம்ஸ் விழாவில் அவை ஒலித்தன. அதற்கும் முன்பே, 1972 முதல், சார்லஸ் கெர்ஹார்ட் கோர்ன்கோல்ட், ஸ்டைனர் போன்றோரின் படங்களின் இசையை லண்டனில் புதிதாக வாசிக்கவைத்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். மக்கள் அவற்றைத் தனி இசையாகக் கேட்கத் தொடங்கினர். மதிப்பீடு மாறியது அதன் பிறகுதான்.

கேட்க என்ன இருக்கிறது

பின்னணி இசை தனி வேலை என்ற உணர்வு தமிழ்நாட்டில் அன்றே இருந்தது. ஜெமினியின் சந்திரலேகாவில் (1948) பாடல்களுக்கு எஸ். ராஜேஸ்வர ராவ் இசையமைக்க, பின்னணி இசையை எம்.டி. பார்த்தசாரதியும் ஆர். வைத்தியநாதனும் கவனித்தனர்.

மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் கேட்டுத் தொடங்க மந்திரிகுமாரி ஏற்றது. மலைமேல் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாடல் எல்லோரும் அறிந்தது. அந்த இனிமை முழுக்க ஒரு பொறி. கணவன் மனைவியைத் தள்ளிக் கொல்லவே உச்சிக்கு அழைத்துப்போகிறான். அவள் அவனை மும்முறை வலம்வர அனுமதி கேட்டு, அவனையே தள்ளிவிடுகிறாள். குண்டலகேசியின் கதை. பாட்டைக் கேட்டு நிறுத்திவிடுபவர், அது முடிந்து விழுந்த பிணம்வரை உள்ள பகுதியையும் காதால் தொடரவேண்டும். பாட்டு எந்த நோக்கத்துக்காக அத்தனை இனிமையாக இருந்தது என்பது அப்போதுதான் தெரியும். இசைத்தட்டில் அது தெரியாது.

எதிர்பாராத சேமிப்பு ஒன்றும் உண்டு. ஒரு படத்தின் ஒலியை ஒரு மணி நேரமாகச் சுருக்கி வானொலி ஒலிபரப்பிய ‘ஒலிச்சித்திரம்’ நிகழ்ச்சி பின்னணி இசையையும் வீடுகளுக்குக் கொண்டுபோனது. வீட்டில் ஒலிநாடாவில் பதிந்துவைத்தவர்கள் அறியாமலே இதையும் காப்பாற்றியிருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் பாட்டு நாடாக்களுக்குக் கொடுக்கும் மதிப்பை இவற்றுக்குக் கொடுப்பதில்லை, பழைய இரும்புக்காரனுக்குப் போவது பெரும்பாலும் இவைதான்.

மாடர்ன் தியேட்டர்ஸ் வளாகம் வீட்டுமனைகளாகிவிட்டது. சாலையோர நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1963 ஆகஸ்டிலும், ஜி. ராமநாதன் அதே ஆண்டு நவம்பரிலும் மறைந்தனர். தட்சிணாமூர்த்தி தொண்ணூறு வயது வாழ்ந்து 2012-ல் சென்னையில் காலமானார்.