நூற்பட்டியலில் ஒரு தேதி

காஞ்சிபுரத்தின் வரலாற்றைப் பற்றி நீங்கள் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இறுதியில் துணைநூற்பட்டியல் தரவேண்டும். உங்கள் முன் மூன்று சான்றுகள் இருக்கின்றன. முதலாவது, ஹுல்ஷ் பதிப்பித்து 1890-ல் சென்னையில் வெளியான 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி. கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகள் இதில் உள்ளன. இரண்டாவது, 5-4-1972 தேதியிட்ட ஒரு செய்தித்தாள். மூன்றாவது, 'பிரபவ வருஷம் மாசி மாதம்' என்று மட்டும் அச்சிடப்பட்ட ஒரு பழைய தலபுராண உரைநூல்.

முதலாவதில் குழப்பமில்லை. இரண்டாவதை நாம் ஏப்ரல் 5 என்று படிப்போம். அமெரிக்கரோ மே 4 என்று படிப்பார். மூன்றாவதுதான் பெருஞ்சிக்கல். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ 1867-லும் 1927-லும் 1987-லும் பிறந்தது. தவறான சுற்றைக் கொண்டால் நூலின் வயது அறுபது ஆண்டுகள் மாறிவிடும்! அச்சகத்தின் பெயர், எழுத்து, தாள் ஆகியவற்றைக் கொண்டு 1927-ல் பிறந்த பிரபவ என்று முடிவு செய்தாலும் வேலை முடியவில்லை. தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. எனவே அந்த மாசி 1928 பிப்ரவரி-மார்ச்சில் வருகிறது.

இதற்கு வழி என்ன? தேதியைக் குறித்து வைப்பதையும் அச்சிடுவதையும் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 1972-04-05 என எழுதும் முறையை ஐ.எஸ்.ஓ. 8601 என்ற பன்னாட்டுத் தரம் 1988-ல் வகுத்தது. ஆய்வேடுகளை அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளுக்குத் துணையான பிப்லேடெக், தேதியை இவ்வாறே பெற்றுக்கொள்கிறது. ஆண்டு மட்டும் போதுமா, மாதப் பெயர் வேண்டுமா, எண்களாக வேண்டுமா என்பதை ஒரே ஒரு கட்டளையால் தெரிவிக்கலாம். காஞ்சித் தறியில் ஜக்கார்டு அட்டைகளை மாற்றினால் அதே பட்டு நூலில் வேறு கரை விழுகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். வேறோர் இதழ் வேறு வடிவம் கேட்டால், இருநூறு பதிவுகளையும் திருத்த வேண்டியதில்லை. ஒரு வரியை மாற்றினால் போதும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தெரியாததைத் தெரிந்ததுபோல் நிரப்பாதீர்கள். ஹுல்ஷின் நூலுக்கு 1890 என்று மட்டும் கொடுங்கள். 1890-01-01 என்று கொடுத்தால், அது ஜனவரி முதல் நாள் வெளியானதாகப் பட்டியல் பொய் சொல்லும். மாசி நூலுக்கு 1928 என்று எழுதி, ஐயமிருந்தால் அதன்பின் ஒரு கேள்விக்குறி இடுங்கள். அதையும் பிப்லேடெக் புரிந்துகொள்ளும். மூலத்தில் உள்ள 'பிரபவ, மாசி' என்ற சொற்களைக் குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

கல்வெட்டறிஞர்களும் இதையே செய்கிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரின் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டு, முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. அறிஞர்கள் அதை அப்படியே காட்டி, கி.பி. 919 என்று பக்கத்தில் எழுதுகிறார்கள். கணக்கில் பிழையிருந்தால், பின்னால் வருபவர் மூலத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?