செம்பரம்பாக்கத்தில் ஓதம் ஏன் இல்லை?

பௌர்ணமியன்று மாலையில் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நிற்பவர் காணும் அதே சந்திரன், அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் கிழக்கே, கூவம் கடலோடு கலக்கும் நேப்பியர் பாலத்தருகே, நாள்தோறும் ஏறக்குறைய இருமுறை நீரை ஏற்றியும் இறக்கியும் வர, நிறைந்தால் 24 அடி ஆழம் காணும் இவ்வேரியிலோ, அம்பத்தூர் ஏரியிலோ அத்தகைய சலனம் எதுவும் புலப்படுவதில்லை. எனினும் சந்திரனுடைய ஆகர்ஷணம் கடலையும் ஏரியையும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இழுக்கிறது.

ஆகர்ஷணம் இடத்துக்கு இடம் வேறுபடுவதே ஓதத்துக்குக் காரணம். சந்திரனை நோக்கிய கடல் பூமியின் மையத்தைவிடச் சற்று அதிகமாகவும், மறுபக்கத்துக் கடல் சற்றுக் குறைவாகவும் இழுக்கப்படுவதால், நீர் இருபுறமும் புடைக்கிறது. சூரியன் பூமியைச் சந்திரனைவிட ஏறத்தாழ 180 மடங்கு வலிமையாக இழுத்தபோதிலும், வெகுதூரத்தில் இருப்பதால் அந்த வேறுபாடு சிறுத்து, அது எழுப்பும் ஓதம் சந்திர ஓதத்தில் பாதியையும் எட்டுவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் சேரும்போது சென்னைக் கரையில் நீர் சுமார் ஒரு மீட்டர் ஏறி இறங்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்த சமுத்திரத்தில் திரளும் இவ்விளைவு, சில கிலோமீட்டரே அகன்ற ஏரியில் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாமல், இளங்காற்றின் அலையிலேயே மறைந்துவிடுகிறது. ஆச்சரியம் என்னவெனில், ஆவடியைத் தாங்கும் பாறையும் சந்திரனுக்கு இசைந்து ஓரடி அளவுக்கு உயர்ந்து தாழ்கிறது. வீடும் தண்டவாளமும் ஏரியும் ஒருசேர உயர்வதால் நாம் அதை உணர்வதில்லை.

பூமி, சந்திரன் தன்னைச் சுற்றுவதைவிட விரைவாகத் தன் அச்சில் சுழல்வதால், கடலின் புடைப்பு சந்திரனுக்குச் சற்று முந்திச் சென்று அவனை முன்னோக்கி இழுக்க, அவனுடைய சுற்றுப்பாதை ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விரிகிறது. 1969-இல் அப்பல்லோ 11 வைத்துவந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்பச் செய்து விஞ்ஞானிகள் இந்த அளவைக் கணித்தனர். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய நமது சந்திரயான் 3-இன் விக்ரமிலும் அத்தகைய சிறு கண்ணாடித் தொகுதி உண்டு. செவ்வாயின் உபகிரகமான போபோஸோ, செவ்வாய் சுழல்வதைவிட விரைவாக அதைச் சுற்றுவதால், அதே நியதிப்படி நெருங்கி வருகிறது.

நம் பிள்ளைகளைக் காசிமேட்டுத் துறைமுகத்துக்கு அடுத்தடுத்து இரு நாள் அழைத்துச் சென்று, உச்ச ஏற்றத்தின் நேரத்தைக் குறிக்கச் சொல்ல வேண்டும். மறுநாள் அது சுமார் 50 நிமிஷம் தாமதிப்பதையும், சந்திரோதயமும் ஏறக்குறைய அவ்வளவே பிந்துவதையும் ஒப்பிட்டால், ஆகர்ஷண விதியை அவர்கள் தம் கண்ணாலேயே கற்பார்கள்.