பூனையும் நடைக்கயிறும்

ஊரில் பூனையை நாம் வளர்த்தோம் என்பதைவிட, அது நம் வீட்டில் வளர்ந்தது என்பதே பொருந்தும். ஓட்டுக்கூரையும், கொல்லைப்புறமும், வைக்கோற்போரும், அடுத்த வீட்டு அடுக்களையும் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. வேண்டும்போது வரும், வேண்டாதபோது போகும். உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கும் மும்பைக்கும் வந்து மாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் வீடுகளிலோ நிலைமை வேறு. கதவைத் திறந்தால் படிக்கட்டு. படிக்கட்டின் கீழே தெருநாய்களும் வாகனங்களும். ஆதலின் இங்கே பூனை சன்னலை நோக்கிக் கத்திக்கொண்டு அடைபட்டுக் கிடக்கிறது. அல்லது வெளியே விடப்பட்டு ஒருநாள் திரும்பாமற் போகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. உடலுக்கு ஏற்ற பட்டையை அணிவித்து, கயிற்றைக் கையிற் பிடித்துக்கொண்டு அதனை உலவ விடுவதே அவ்வழி.

“நாய்க்கல்லவா கயிறு!” என்று நேயர்கள் நகைக்கலாம். கயிறு இருந்தால் போதும் என்று எண்ணிய எங்களுக்கு அது நகைப்பாக முடியவில்லை. தில்லியில் மூன்றாம் மாடியில் நாங்கள் வளர்த்த முதற் பூனையின் பெயர் கறுப்பி. அதன் கழுத்தில் ஒரு வாரைக் கட்டி, ஒருநாள் மாலை எங்கள் மகள் அதனைக் கீழேயுள்ள பூங்காவிற்கு அழைத்துச் சென்றாள். அருகில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடியோசையுடன் கிளம்பியது. கறுப்பி பின்னோக்கி ஒரு முறை இழுத்தது. வார் மட்டும் மகளின் கையில் எஞ்சியது. தெருத் தெருவாகத் தேடினோம். ஒரு மாதம் வரை அவள் இரவுதோறும் படிக்கட்டின் அடியிற் பால் வைத்தாள். கறுப்பி திரும்பவேயில்லை.

இதற்குக் காரணம் பூனையின் உடலமைப்பிலேயே உள்ளது. மனிதனுடைய காறை எலும்பு ஒருபுறம் மார்பெலும்போடும் மறுபுறம் தோளோடும் இணைந்து நிற்கிறது. பூனைக்கு அவ்வெலும்பு மிகச் சிறியது. வேறு எலும்புகளோடு பொருந்தாமல் தசைக்குள்ளே கிடக்கிறது. ஆகவே அதன் தோள்கள் எளிதில் ஒடுங்கும். தலை நுழையும் வழியில் பெரும்பாலும் உடலும் நுழையும். கழுத்து வாரைத் தளர்த்தினால் கழன்றுவிடும். இறுக்கினால் குரல்வளையை நெரிக்கும். கழுத்தையும் முன்னங்கால்களுக்குப் பின்னுள்ள மார்பையும் ஒருங்கே சுற்றிவரும் பட்டையே பூனைக்குத் தகுந்தது. கடைகளில் ‘ஹார்னஸ்’ என்று கேட்டால் தருவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதற்குச் சேணம் என்னும் பழஞ்சொல்லை எண்ணிப் பார்த்தோம். சேணம் சவாரிக்கு உரியது. பூனையோ யாருக்கும் சவாரி தராது. ஆதலின் மார்புப்பட்டை என்றே வழங்குவோம்.

பட்டையை வாங்குமுன் முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பின் சுற்றளவை நூலால் அளந்து கொள்க. நாய்க்குட்டிக்கென விற்பதை வாங்க வேண்டா. அணிவித்தபின் பட்டைக்கும் உடலுக்கும் இடையே ஒரு விரல் அல்லது இரு விரல் மட்டுமே நுழைய வேண்டும்.

இனிப் பழக்கும் முறை. வாங்கி வந்த அன்றே அணிவித்தல் கூடாது. சில நாள் அது பூனை உறங்கும் இடத்தருகே கிடக்கட்டும். அது முகர்ந்து பார்க்கட்டும். பிறகு உணவு தரும் வேளையில் சில நிமிடம் மட்டும் அணிவிக்கலாம். முதன்முறை பல பூனைகள் கால் முறிந்தாற்போல் பக்கவாட்டிற் சாய்ந்துவிடும். அல்லது வயிறு தரையிற்படப் பதுங்கும். அது நோயன்று, உடலைத் தழுவும் புதுப்பொருளின் மீதுள்ள ஐயமே. விருப்பமான தின்பண்டத்தைச் சிறிது தந்து, பட்டையைக் கழற்றி, மறுநாள் மீண்டும் அணிவிக்கலாம். இயல்பாக நடக்கத் தொடங்கியபின் கயிற்றை இணைத்து, வீட்டிற்குள்ளேயே உலவச் செய்க. எங்கள் இரண்டாம் பூனைக்கு இவ்வளவிற்கும் ஆறு வாரம் பிடித்தது.

வெளியே செல்லும்போது பூனையைக் கூடையில் வைத்தே வாயிலைக் கடக்க வேண்டும். தன் காலால் நடந்து கடந்தால், கதவு திறக்கும்போதெல்லாம் ஓடப் பழகிவிடும். ஆரவாரமற்ற விடியற்காலையே ஏற்ற வேளை. கூடையைத் திறந்து வைத்துக் காத்திருங்கள், தானே வெளிவரட்டும். நாய் நம்மோடு நடக்கும். பூனையோ தன் விருப்பப்படி நடக்கும், நாம் அதன் பின் செல்ல வேண்டும். பத்தடி சென்று கால்மணி நேரம் ஒரு செடியை முகர்ந்தாலும் அன்றைய உலாவல் நிறைவுற்றதாகவே கொள்ளலாம். காது பின்மடிந்தாலும், வால்மயிர் சிலிர்த்தாலும், வாய் திறந்து மூச்சு வாங்கினாலும் உடனே வீடு திரும்புக. அஞ்சிய பூனையைக் கயிற்றால் இழுத்தல் ஆகாது. பின்னோக்கி நழுவுவதற்கு அதுவே வழி. கனத்த துண்டு ஒன்றைக் கொண்டுசென்றால் போர்த்தி எடுக்கலாம். கயிற்றை எங்கேனும் கட்டிவிட்டு அகல்வது, நாய்களுக்கு அதனைக் கட்டிக்கொடுப்பதற்கு ஒப்பாகும்.

வெறிநாய்க்கடி நோய்க்கும், பூனைகளைத் தாக்கும் பிற தொற்றுகளுக்கும் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே தடுப்பூசி போடுதல் இன்றியமையாதது. அரளி பூனைக்கு நஞ்சு. லில்லி மலரின் மகரந்தம் பட்ட மயிரை நக்கினாலே சிறுநீரகம் பழுதுபடும். வட இந்தியக் கோடையில், புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைக்க இயலாவிடில் பூனையை இறக்க வேண்டா. தீபாவளி வெடி கேட்கும் நாள்களில் வீட்டிலேயே இருக்கட்டும்.

எல்லாப் பூனைகளும் இதற்கு இசையா. முதிர்ந்தவையும் அச்சமிக்கவையும் வீட்டிற்குள்ளேயே நிம்மதி காணும். அவற்றிற்குச் சன்னலருகே உயர்ந்த பலகை ஒன்றும், நாள்தோறும் சிறிது விளையாட்டும் போதும். ஆனால் சன்னலுக்கு வலை கட்டாயம் வேண்டும். பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றும் என்று நம்பியிருத்தல் தவறு. நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி மருத்துவர்கள் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவை பிழைத்தன; ஆயினும் மிகப் பலவற்றிற்கு மார்பிலும் முகத்திலும் காயம் இருந்தது.

எங்கள் இரண்டாம் பூனை இப்போது காலைதோறும் பூங்காவின் வேப்பமரத்தடியில் கால்மணி நேரம் அமர்ந்து அணிலைப் பார்க்கிறது. “பூனை உங்களை நடத்திச் செல்கிறதா?” என்று அண்டை வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி நாள்தோறும் கேட்கிறார். ஆம் என்றே விடை சொல்கிறோம். மகள் இப்போது கயிற்றின் நுனியைத் தன் மணிக்கட்டில் இருமுறை சுற்றிக்கொண்டுதான் நடக்கிறாள்.