பதிவெழுதுவோனே வீழ்ந்தால்

பாடசாலை அதிபரின் மேசையில் சம்பவத் திரட்டுப் புத்தகம் உண்டு. அன்றன்று நிகழ்வன அதில் எழுதப்பெறும். கணினிக்குள்ளும் அத்தகைய எழுத்தன் ஒருவன் உளன். 1980களில் அமெரிக்க அறிஞர் எரிக் ஆல்மன் ஆக்கிய சிஸ்லாக் அவ்வகையின் முன்னோடி. இன்று லினக்ஸ் கணினிகள் பலவற்றில் ஜேர்னல்டி என்னும் நிரல் அப்பணியைப் புரிகின்றது.

மல்லாவியில் மின்சாரம் திடீரென நின்றால், எழுதிக்கொண்டிருந்த பதிவுக்கோப்பு பழுதுறக்கூடும். மீண்டெழும் ஜேர்னல்டி அதனை உடனே அழிப்பதில்லை. பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதிய கோப்பைத் தொடங்கும். ஒதுக்கியதைக் குப்பையென நாம் நீக்குவதே பெரும்பிழை. வீழ்ச்சியின் காரணத்தைக் காட்டும் கடைசி வரிகள் அதில் இருத்தல் கூடும் அன்றோ?

ஆதலின் நேயர்களே, எழுத்தன் அடிக்கடி வீழ்ந்தால், முதலில் வன்தட்டில் இடம் உண்டோ எனப் பாருங்கள். அடுத்து, பழுதுற்ற கோப்பைப் பிரதி செய்து வாசியுங்கள். திருத்தம் அதன் பின்னரே ஆகுக.